சாய்ந்த படகில் நேரான தரை

ஜனனி, தருண், சண்டையை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு பேரும் கிட்டே வாருங்கள். இந்த வாரம் எழுதுவது உங்களுக்காக. பத்திரிகை வாங்கிப் படிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். அவர்கள் வீட்டிலும் கேள்வி கேட்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

லீவுக்கு அம்மா ஊரான சதுரங்கப்பட்டினம் போய்விட்டு வந்து தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. ஜனனி கேட்டாள்: "அப்பா, அங்க ஐஸ் விக்கிறவரு என்னைப் பாத்து 'ரசமட்டத்தோட பொண்ணா நீ?'ன்னு கேட்டாரு. அப்படின்னா இன்னா?"

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே ஏதோ தட்டு விழுகிற சத்தம் கேட்டது.

ஊர் முழுக்கத் தெரிந்த கதைதான். ஆனால் ஊர் சொல்லச் சொல்ல அது வருஷத்துக்கு ஒரு முழம் நீள்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது, படகே கவிழ்ந்துபோனதாகச் சொன்னார்கள். கவிழவில்லை. அதனால் அளவெடுத்து நானே எழுதிவைத்துவிடுகிறேன்.

கண்ணை மூடினால் முதலில் வருவது அந்த எலுமிச்சம்பழம்தான்.

ஒரு படகு. அதன் நடுவில் நாலைந்து பேர் நெருக்கி உட்காரக்கூடிய சின்ன கேபின். அதற்குள் நான் போட்ட புது மரத்தரை, எண்ணெய் பூசி, நன்றாகச் சிவந்த மெதுவடை நிறத்தில் மின்னுகிறது. படகு அப்போதுதான் கால்வாயில் இறங்கியிருக்கிறது. கரையில் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். அம்மாவின் அப்பா, உங்கள் தாத்தா, சட்டை போட்டிருக்கிறார், அதுவே பெரிய விஷயம். கையில் பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, கற்பூரம், ஒரே ஒரு எலுமிச்சம்பழம். குனிந்து தட்டைத் தரையின் நடுவில் வைக்கிறார். பழத்தை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறார்.

பழம் கொஞ்ச நேரம் யோசித்தது.

பிறகு கிளம்பியது.

அது அப்படியே உருண்டுகொண்டிருக்கட்டும். நாம் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

மரத்தின் போட்டோ

உங்கள் அப்பா தரை போடுகிறவன். பிறந்தது செங்கல்பட்டுக்கு உள்ளே, சுற்றிலும் வயல் இருக்கிற ஊரில். எங்கள் வீட்டில் எல்லாருமே அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். நான் சுத்தியலைப் பிடித்தேன். ஓ.எம்.ஆர். ஓரம் அடுக்குமாடிகள் எழும்பிய காலம் அது. கேளம்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரை, நான் முட்டிபோட்டு நகர்ந்த வீடுகள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் அதை மரத்தரை என்று ஆசையாகச் சொல்வார்கள். அது மரம் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மரத்தைப் போட்டோ பிடித்து ஒட்டியிருப்பார்கள். ஒரு பலகையில் இருக்கிற முடிச்சு அப்படியே நாலு பலகை தள்ளி இன்னொன்றிலும் இருக்கும். ஒரு வீட்டு அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டு, "இது ரெண்டுலயும் ஒரே எடத்துல எப்படிங்க முடிச்சு வந்துது?" என்று கேட்டார்.

"ரெட்டப் புள்ளைங்க மேடம்" என்றேன். நம்பிவிட்டார்.

(போன வாரம் எழுதினேனே, நாய் தின்ற தரை, அதுவும் இந்த ரகம்தான். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்று வாசகர் ஒருவர் விசாரித்திருந்தார். நன்றாக இருக்கிறது. இப்போது சோபாவைத் தின்கிறது.)

இந்த வேலையில் எனக்கு உயிர் மாதிரி ஒரு சாமான், ரசமட்டம். நீங்கள் எடுத்து கிரிக்கெட் ஆடித் திட்டு வாங்குவீர்களே, அந்த மஞ்சள் கட்டைதான். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் பச்சைத் தண்ணீர், தண்ணீரில் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றால் தரை நேர். ஒரு பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் உயரம்.

பெரிய பெரிய கட்டடத்தில்கூட சிமெண்டுத் தரை நேராக இருக்காது. மேடு, பள்ளம், கோணல் எல்லாம் இருக்கும். தாழ்ந்த இடத்தை ஏற்றி, குமிழியை நடுவில் நிறுத்திவிட்டுத்தான் நான் முதல் பலகையைப் போடுவேன். கூட வேலை செய்கிறவர்களிடம் ஒரு வசனம் சொல்வேன்: "செவுரு பொய் சொல்லும், கதவு பொய் சொல்லும், குமிழி பொய் சொல்லாது."

இந்த வசனத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"அவர சாப்ட சொல்லு"

உங்கள் அம்மாவை நான் பார்த்தது கேளம்பாக்கத்தில், தரைப்பலகை விற்கிற கடையில். அவள் அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் வாங்கவேண்டிய சரக்கை நான் பிரித்துப் பிரித்து வாங்கினேன். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இன்னாய்யா, தெனம் வந்துகினு கீற. தரை போடறியா, இல்ல பலகைய தண்ணி ஊத்தி வளக்கிறியா?"

அன்றைக்கே என் கதை முடிந்தது. பிறகு ஷேர் ஆட்டோ, பிறகு கல்யாணம். நடுவில் உள்ளதை அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகிற வீட்டுப் பெண்ணுக்கு வயல்காட்டுப் பக்கத்து மாப்பிள்ளை. தாத்தா தடுக்கவில்லை. சரி என்றும் வாய் திறந்து சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனால் என்னோடு நேராகப் பேசவில்லை.

கோபம் இல்லை. அந்த வீட்டு வழக்கம் அது. மாமனார் மருமகனிடம் நேரே பேசினால் மரியாதைக் குறைவாம். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் என் மாமியாரை, அதாவது உங்கள் ஆயாவைப் பார்த்து, "அவர சாப்ட சொல்லு" என்பார். "அவருக்கு ஃபேன் காத்து வருதான்னு கேளு" என்பார். நானும் ஆயாவைப் பார்த்து, "வருதுன்னு சொல்லுங்க அத்தை" என்பேன். நடுவில் ஆயாவின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் ஆயா கடைக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். கரண்ட் போய்விட்டது. தாத்தா சுவரைப் பார்த்து, "கரண்ட் பூட்ச்சி" என்றார். நானும் அதே சுவரைப் பார்த்து, "ஆமா" என்றேன். அதுவரைக்கும் நாங்கள் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

ஆனால் உங்கள் பெரியப்பா இருக்கிறாரே, அம்மாவின் அக்கா வீட்டுக்காரர், அவர் தாத்தாவோடு கடலுக்குப் போகிறவர். கடலில் வழக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் வலை போய்விடும். அதனால் அவரைத் தாத்தா நேராகவே கத்துவார். "மாப்ள, கயித்த வுடு! மாப்ள, தூங்கிக்கினு கீறியா?" கரையில் நின்றுகொண்டு அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். என்னையும் ஒரே ஒரு தடவை அப்படி 'மாப்ள' என்று கூப்பிட மாட்டாரா? திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.

நட்டுடலாம்

தாத்தாவிடம் இருந்ததெல்லாம் மேலே ஒன்றும் இல்லாத ஃபைபர் படகுகள். வயதான பிறகு, கால்வாயும் முகத்துவாரமும் போதும் என்று எங்கிருந்தோ ஒரு பழைய மரப்படகை வாங்கிவந்தார். நடுவில் கேபின் வைத்த படகு. கேபின் எதற்கு என்று கேட்டவர்களிடம் வெயிலுக்கு என்று சொன்னார். நிஜம் அம்மாவுக்குத் தெரியும். மத்தியானம் ஆனால் வீட்டில் ஆயா சீரியல் போடுவார். அந்த மாமியார்கள் போடுகிற சத்தத்தில் தாத்தாவுக்குத் தூக்கம் வருவதில்லை.

படகு வந்த அன்றே ஆசையாகக் கேபினுக்குள் காலை வைத்தார். தரை மக்கிப்போயிருந்தது. கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. உங்கள் சேகர் மாமா, அதுதான் சிறுசேரியில் கம்பெனி கார் ஓட்டுகிறாரே அம்மாவின் தம்பி, ஓடிவந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "நைனா, அந்தக் காலையும் வுடு. இங்கயே நட்டுடலாம்."

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவரு தரை போடறவருதான? ஒருவாட்டி வந்து பாக்க சொல்லு."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"யோவ், போனுக்கு இன்னாத்துக்குயா எந்திரிக்கிற?" என்றாள் அம்மா.

"உங்க அப்பா எனக்கு வேலை சொல்றாரு."

"உங்கிட்ட எங்க சொன்னாரு? எங்கிட்டதான சொன்னாரு."

சரிதான். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஜனனி, அப்போது நீ அம்மா வயிற்றில் இருந்தாய். அதனால் இந்தக் கதையில் உனக்கும் பங்கு உண்டு. தருண், நீ கோபித்துக்கொள்ளாதே.

செங்கல்பட்டு மரக்கடைக்கு நானே போனேன். போட்டோ வேண்டாம், நிஜத் தேக்கு. ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். கடைக்காரர், "பொண்ணு பாக்க வந்தியா, மரம் பாக்க வந்தியா?" என்றார். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக வந்தோம். டிரைவர் முன்னால் உட்காரச் சொல்லியும் கேட்காமல் பின்னால் பலகைகளோடு உட்கார்ந்துகொண்டேன். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ரெட்டைப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. இத்தனை வருஷம் தரை போட்டதில் அதுதான் என்னுடைய முதல் நிஜ மரம்.

கேளம்பாக்கம் வழியாக வந்த செய்தி

ஊருக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் படகை ஏற்றி வைத்திருந்தார்கள். நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று எழுத முடியாது. தண்ணீர் இல்லாமல் படகு நிற்காது, அடி வளைவாக இருக்கும். சவுக்குக் கட்டைகளின் மேல், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது. விழாமல் இருக்க முட்டு கொடுத்திருந்தார்கள்.

மக்கின பலகைகளைப் பெயர்த்தேன். அடியில் காய்ந்த இறால் ஓடு, ஒற்றைச் செருப்பு, ஒரு சீப்பு. அவற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு, பலகையைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்களின் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஒரே ஓட்டமாக வலது பக்கம் ஓடிப்போய் முட்டிக்கொண்டு நின்றது.

'ஐயோ பாவம்' என்று நினைத்தேன். 'இவ்வளவு கோணலாகவா ஒருவன் படகு கட்டுவான்?'

இடது பக்கச் சட்டத்துக்கு அடியில் ஆப்பு வைத்தேன். போதவில்லை. இன்னும் கனமாக வைத்தேன். ஒரு சாண் அளவுக்கு ஏற்றிய பிறகு குமிழி மெல்ல நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

அந்த நேரத்தில் தாத்தா கொஞ்ச தூரத்தில் சவுக்கு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். ஆயா டீ கொண்டுவந்தார். தாத்தா அவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"படகு சாஞ்சிகினு கீதே, அத்த அவரு பாத்தாரான்னு கேளு."

காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. ஆயா என்னிடம் சாதாரணமாகப் பேசுகிறவர்தான். ஆனால் தொழில் விஷயத்தில் தானே கேட்டால் மாப்பிள்ளை தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று அவருக்குத் தயக்கம். அதனால் மரத்தடியில் நின்றபடியே கேளம்பாக்கத்துக்கு, அம்மாவின் கடைக்கு போன் போட்டார். செய்தி கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. உடனே என் சட்டைப்பையில் போன் அடித்தது.

"நைனா கேக்குறாரு. படகு சாஞ்சிகினு கீதாமே, பாத்தியா?"

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "பாத்தேன் பாத்தேன். அதுக்குத்தான ரசமட்டம் வச்சி ஏத்திக்கினு கீறேன். நாலு மூலையும் ஒரே மட்டம். கவலையே பட வேணாம்னு சொல்லு."

அம்மாவுக்கு எதிரே கஸ்டமர் நின்றிருந்தார். அவள் அதைச் சுருக்கி ஆயாவுக்கு அனுப்பினாள்: "பாத்துட்டாராம், கவலப்படாதீங்கன்றாரு." ஆயா அதை இன்னும் சுருக்கித் தாத்தாவிடம் கொடுத்தார்: "எல்லாம் தெர்யுமாம்."

"உம்" என்றார் தாத்தா. அதற்கு மேல் தொழில் தெரிந்த மனிதரைக் கேட்பது அழகல்ல என்று வலைக்குத் திரும்பிவிட்டார்.

சத்தம் போட்டுப் பேசினால் கேட்கிற தூரம். ஒரே ஒரு வார்த்தை நேராகப் பேசியிருந்தால் இந்த வாரம் எழுத விஷயமே இருந்திருக்காது.

பலகைகளைப் போட்டு முடித்ததும் உள்ளே எழுந்து நின்று பார்த்தேன். தரை அப்படி ஒரு நேர். ஜன்னல்தான் ஒரு பக்கம் இறங்கி, கதவும் கோணிக்கொண்டு தெரிந்தது. படகு கட்டினவர் ஜன்னலைக்கூடச் சரியாக வைக்கவில்லையே என்று அவருக்காக வருத்தப்பட்டேன். செவுரு பொய் சொல்லும், கதவு பொய் சொல்லும்.

தாத்தா உள்ளே வந்து பார்க்கவில்லை. படகு தண்ணீரில் இறங்கிப் பூஜை போடுகிற நாள்வரை காலை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். போன தடவை கால் போன பயம்.

பழம் உருளுகிறது

ஞாயிற்றுக்கிழமை. கரையில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. பெரியப்பாவும் சேகரும் இன்னும் சில ஆண்களும் படகின் பின்பக்கத்தில் தோள் கொடுத்தார்கள். சவுக்குக் கட்டை உருண்டது. படகு வழுக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் விழுந்தது. ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு தூங்கி எழுந்த மாதிரி நிமிர்ந்து நேராக நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரையும் விட அதிகமாகத் தட்டியவன் நான்.

தாத்தா கால்வாயில் காலைக் கழுவிக்கொண்டு ஏறினார். பின்னாலேயே ஆயா, அம்மா, சேகர், பெரியப்பா, நான். தாத்தா தட்டை வைத்தார். பழத்தை வைத்தார்.

பழம் யோசித்தது. கிளம்பியது. முதலில் மெதுவாக, பிறகு ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி வேகமாக உருண்டு போய் வலது மூலையில் 'டொக்' என்று இடித்தது. அதைத் தேடிக்கொண்டு வெற்றிலை போனது. பின்னால் தட்டும் போனது. நல்லவேளை, கற்பூரம் இன்னும் ஏற்றவில்லை.

"இன்னாது இது?" என்றார் ஆயா. சொல்லும்போதே அவரும் மெல்ல வலது பக்கம் போய்க்கொண்டிருந்தார். புதிதாக எண்ணெய் பூசின தரை.

"மாமா," என்றார் சேகர் என்னைப் பார்த்து, "பார்க்ல சறுக்குமரம் போடற காண்ட்ராக்ட் எடுத்துகினு கீறியா?"

"இல்ல மச்சான், நேராத்தான் இருக்கு. நான் செக் பண்ணேன்."

நான் சொன்னதை நானே நம்பினேன். அதுதான் கொடுமை.

பெரியப்பா கெட்டிக்காரர். "இரு இரு, எல்லாம் லெஃப்ட் சைடு வாங்க" என்றார். எல்லாரும் இடது பக்கம் ஏறி நெருக்கிக்கொண்டு நின்றோம். படகு மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. தரை நேராக வந்துவிட்டது. எனக்கு உயிர் வந்தது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். குமிழி ஒரு மயிரிழை பிசகாமல் நடுவில் நின்றது.

"பாருங்க! நட்ட நடுவுல!"

கரையிலிருந்து அலறல் கேட்டது. "டேய், சாயுதுடா! படகு சாயுது! எறங்குங்கடா!"

சேகர் ஜன்னலில் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். தண்ணீர் ஒரு கை தூரத்தில் இருந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ரொம்ப அமைதியாகச் சொன்னார்: "மாமா, தரை ஷோக்கா நேரா கீது. படகுதான் கோணலா கீது. அத்த மட்டும் மாத்திட்டா வேல முடிஞ்சிது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கரையில் படுத்திருந்த படகுக்குத் தரை போட்டிருக்கிறேன். இனி அந்தத் தரையில் நேராக நிற்கவேண்டுமென்றால், ஒரு பக்கம் எப்போதும் நாலைந்து சொந்தக்காரர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

எல்லாரும் தாத்தாவைப் பார்த்தார்கள். அவர் வலது மூலைக்கு நடந்து போய், எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டார். அம்மாவைப் பார்த்தார்.

"அவர சாப்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

என் இடத்தில் பெரியப்பா இருந்திருந்தால் தாத்தா திட்டியிருப்பார். நான் திட்டுக்குக்கூட லாயக்கில்லாத விருந்தாளி. அன்று பிரியாணி வாசனை கால்வாய் முழுக்க வீசியது. நான் சாப்பிடப் போகாமல் கேபினிலேயே உட்கார்ந்து முதல் ஸ்குருவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

டேப் போதும்

ஆண்டவன் ஒரு நல்லது செய்தான். அடுக்குமாடியில் போல நான் பசை போட்டு ஒட்டவில்லை. மரத்துக்கு மரியாதை என்று எல்லாம் பித்தளை ஸ்குரு. கழற்றினால் பலகைக்குச் சேதம் இல்லை.

அம்மா ஒரு தட்டில் பிரியாணியோடு வந்தாள். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால். ஆனால் கடல்காரர் வீட்டுப் பெண், ஒரு கையில் தட்டைப் பிடித்தபடியே படகில் ஏறினாள். நான் ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். படகு ஆட ஆட, குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குத் தலை சுற்றியது. ஜன்னலுக்கு ஓடினேன்.

அலையே இல்லாத கால்வாயில் வாந்தி எடுத்த ஒரே ஆள் நான்தான் என்று சேகர் இன்றைக்கும் சொல்வார். வேறு ஆள் உண்டா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "இன்னும் இன்னாத்துக்கு அந்தக் கட்டைய புடிச்சிகினு தொங்குற?"

"குமிழி நிக்க மாட்டேங்குது."

"படகு நின்னாதான அது நிக்கும்? அத்த தூக்கி அப்பால போடு. அந்த ஜன்னல் ரெண்டும் ஒரே ஒசரத்துலதான கீது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். கரையில் கோணலாகத் தெரிந்த ஜன்னல்கள், இப்போது சாதுவாக நேராக நின்றன.

"ஜன்னலுக்கு அடியில இருந்து டேப் வச்சி கீழ அள. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்தா போதும். மொதல்ல ரெண்டு வாய் சாப்புடு."

சாப்பிட்டேன். ஆப்புகளைத் தட்டி எடுத்தேன். அம்மா குனிய முடியாமல் என் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு டேப்பின் மேல்நுனியை ஜன்னலில் பிடித்தாள். நான் கீழ்நுனியைச் சட்டத்தில் பிடித்தேன். "இன்னும் ஒரு நூல் ஏத்து." "எறக்கு." "தூங்காத." ஜனனி, நீ உள்ளேயிருந்து ஒரு உதை விட்டாய் என்று நடுவில் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தினாள்.

அன்று பாதி, மறுநாள் மீதி. சாயங்காலம் சேகர் டியூட்டி முடித்து வந்து கடைசிப் பலகைகளைப் பிடித்துக்கொடுத்தார். முடிந்ததும் நடுத்தரையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தோம். படகு ஆடியது. பழம் கொஞ்சம் இந்தப் பக்கம் போனது. கொஞ்சம் அந்தப் பக்கம் போனது. திரும்ப வந்தது. எங்கேயும் ஓடிப்போக அதற்கு மனம் வரவில்லை.

மண்ணு

அடுத்த நாள் மத்தியானம் தாத்தா வந்தார். சட்டை இல்லை. கக்கத்தில் தலையணை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கால்வாயில் காலைக் கழுவிக்கொண்டு ஏறி, கேபினுக்குள் போனார்.

நாங்கள் கரையில் நின்றோம். உள்ளே சத்தமே இல்லை.

"படுத்துட்டாரா?" என்றேன் மெதுவாக.

"உருண்டு இருந்தா சத்தம் வந்திருக்குமே மாமா" என்றார் சேகர்.

"வாய மூடுடா" என்றாள் அம்மா.

என்னால் பொறுக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரை மணலில் ஓடி, அப்படியே ஒரே தாவாகப் படகில் ஏறி, கேபின் வாசலில் காலை வைத்தேன்.

தாத்தா நட்ட நடுத்தரையில் மல்லாந்து படுத்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. உள்ளங்கைகள் இரண்டும் பலகையில் விரித்து வைத்த மாதிரி கிடந்தன. என் கால் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"மாப்ள! மண்ணு! மண்ணு! இன்னா தரை போட்டு வச்சிகினு கீற, மண்ணுக் காலோட ஏறுறியே! எறங்கு! கால கழுவிகினு ஏறு!"

கால்வாயின் அந்தக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

நான் இறங்கவில்லை. இறங்கத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன்.

அம்மா கரையிலிருந்து கேட்டாள்: "நைனா, யாருகிட்ட பேசுற?"

தாத்தாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்சம் தாழ்ந்த குரலில் சுவரிடம் சொன்னார்: "அவர... கால கழுவ சொல்லு."

"கழுவுறேன்னு சொல்லு" என்று நானும் அம்மாவிடம் சொன்னேன்.

இறங்கிக் காலைக் கழுவினேன். ஏறி வந்தபோது குறட்டை வந்துவிட்டது. அது நின்று தாத்தா எழுந்து வந்த பிறகுதான் எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

இன்றுவரை தாத்தா என்னை அவர், இவர் என்றுதான் சொல்கிறார். வழக்கம் வழக்கம்தான். ஊர்க்காரர்கள் ரசமட்டம் என்கிறார்கள். ஜனனி, அடுத்த தடவை ஐஸ்காரர் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடு.

அன்று வெயில் தாழ்ந்ததும், செருப்பை மறந்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் மட்டும் கால்வாய்க்குத் திரும்பிப் போனேன். செருப்பு என் காலில்தான் இருந்தது. கரையில் யாரும் இல்லை. படகு கயிற்றில் கட்டி ஆடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். தண்ணீரில் இறங்கி, குதிகாலைக் குதிகாலால் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் கையை விட்டு, மணல் ஒரு பொட்டு இல்லாமல் காலைக் கழுவினேன்.

பிறகு படகில் ஏறினேன்.